அழகான காட்சியா, 60 ஃப்ரேம் வேகமா? கன்சோல் கேம்கள் ஏன் நம்மையே தேர்வு செய்யச் சொல்கின்றன?

புது கேம் ஒன்றை வாங்கி, டவுன்லோடு முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் பல நேரங்களில் கதைக்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ‘குவாலிட்டி மோடா, பெர்ஃபார்மன்ஸ் மோடா?’

குவாலிட்டி என்றால் காட்சி அழகு அதிகம். ஆனால் நொடிக்கு 30 ஃப்ரேம்தான். பெர்ஃபார்மன்ஸ் என்றால் நொடிக்கு 60 ஃப்ரேம். ஆனால் நிழல், பிரதிபலிப்பு, படத்தின் கூர்மை என்று ஏதாவது ஒன்று குறையும்.

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் அறிமுகமானபோது டிஸ்க் மாடலின் விலை 49,990 ரூபாய். பெரிய நிறுவனங்களின் புது கேம் ஒன்றுக்குச் சுமார் 5,000 ரூபாய். அந்த கன்சோல் வந்த பெட்டியிலேயே 8கே, 4கே 120 என்றெல்லாம் அச்சிட்டிருந்தது. இவ்வளவும் கொடுத்து வாங்கிய பிறகு ‘இரண்டில் ஒன்றுதான்’ என்று ஏன் சொல்கிறார்கள்? காசு கொடுத்தவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

ஃப்ரேம் ரேட் என்பது என்ன?

திரையில் நகர்வதுபோல் தெரியும் எல்லாமே வேகமாக மாறும் அசையாப் படங்கள்தான். நொடிக்கு எத்தனை படங்கள் மாறுகின்றன என்பதே ஃப்ரேம் ரேட். எஃப்பிஎஸ் என்று சொல்வதும் இதைத்தான்.

சினிமாவுக்கும் கேமுக்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சினிமா ஏற்கெனவே சமைத்து டப்பாவில் அடைத்த சாப்பாடு. தியேட்டரில் எடுத்துப் பரிமாறினால் போதும். கேம் அப்படியில்லை. நீங்கள் பட்டனை அழுத்திய பிறகுதான் அடுத்த படம் என்ன என்பதே தெரியும். ஆர்டர் வந்த பிறகு தோசை ஊற்றுவது மாதிரி, ஒவ்வொரு படத்தையும் கன்சோல் அப்போதுதான் வரைய வேண்டும்.

60 ஃப்ரேம் வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். 30 ஃப்ரேம் போதும் என்றால் 33.3 மில்லி செகண்ட். நேரம் இரு மடங்கு. ஒரு நிமிடத்துக்கு ஒரு தோசை என்று கணக்கு வைத்தால் சாதா தோசைதான் வரும். நெய் ரோஸ்ட் முறுகலாக வேண்டும் என்றால் கல்லில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் இருந்துதான் ஆக வேண்டும்.

அந்த 16.7 மில்லி செகண்டுக்குள் நடக்கும் வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்று பார்க்க வேண்டும். எதிரிகள் என்ன செய்வார்கள் என்று முடிவெடுக்க வேண்டும். எது எதில் மோதுகிறது என்று கணக்கிட வேண்டும். அதன் பிறகு ஒளி, நிழல், புகை, தண்ணீர் எல்லாவற்றையும் வரைய வேண்டும். 4கே டிவி என்றால் திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். பழைய ஃபுல் எச்டி திரையில் இருந்தவை சுமார் 21 லட்சம்தான்.

இதில் அதிக நேரத்தைச் சாப்பிடும் எஃபெக்ட்களில் ஒன்று ரே ட்ரேசிங். ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்பதை உண்மையிலேயே கணக்குப் போட்டு வரையும் முறை அது. ஸ்பைடர்மேன் ஒரு கட்டடத்தின் கண்ணாடியை ஒட்டித் தாவும்போது எதிர்ச் சாரியில் உள்ள தெரு முழுக்க அந்தக் கண்ணாடியில் தெரிகிறதே, அந்த வேலைதான். பார்க்க அருமையாக இருக்கும். பில்லும் அதற்கேற்ற மாதிரி வரும்.

24 ஃப்ரேமில் சினிமா பார்க்கிறோமே, 30 போதாதா?

நியாயமான கேள்வி. சினிமா நொடிக்கு 24 படங்களில்தான் ஓடுகிறது. யாரும் குறை சொல்வதில்லை. 2012-ல் ‘தி ஹாபிட்’ படத்தை 48 ஃப்ரேமில் வெளியிட்டபோது, டிவி நிகழ்ச்சி பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள்.

ஆனால் சினிமாவில் நாயகனை நாம் ஓட்டுவதில்லை. கேமில் பட்டனை அழுத்துவதும் அதன் விளைவு திரையில் தெரிவதும் தனித்தனி நேரத்தில் நடக்கின்றன. அந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு ஃப்ரேமோடு முடிவதில்லை, சில ஃப்ரேம்கள் ஆகும். மூன்று ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டால், 30-ல் சுமார் 100 மில்லி செகண்ட், 60-ல் 50. எண்ணிக்கையில் சின்ன விஷயம். எதிரி வாளை ஓங்கும்போது விலக நினைக்கும் கைக்கு அது பெரிய விஷயம். கண்ணை விட விரல்தான் இதை முதலில் கண்டுபிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. 30 ஃப்ரேம் என்றாலும் அது சீராக வந்தால் சில நிமிடங்களில் பழகிவிடும். ஒரு படம் சீக்கிரம், அடுத்தது தாமதம் என்று தாளம் தப்பி வந்தால்தான் தலைவலி. 2015-ல் வந்த ‘பிளட்போர்ன்’ கேமை இன்றும் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். அதன் சீரற்ற 30 ஃப்ரேமைச் சொல்லிப் புலம்புவதையும் அவர்கள் நிறுத்தவில்லை.

போனில் பிஜிஎம்ஐ ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிராஃபிக்ஸை ‘ஸ்மூத்’ என்று குறைத்து வைத்தால்தான் பெரும்பாலான போன்களில் உச்ச ஃப்ரேம் ரேட் திறக்கும். மரம், புல், நிழல் எல்லாம் மொட்டையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று அதைத்தான் தேர்வு செய்கிறார்கள். முதலில் சுட்டவர்தான் பிழைப்பார்.

1978 முதல் நடக்கும் பஞ்சாயத்து

இது புதுப் பிரச்சினை அல்ல. 1978-ல் ஜப்பானில் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில், எதிரிகளைச் சுடச் சுட மிச்சம் இருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள். வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய இயந்திரம் வேகமெடுத்ததால் நடந்தது அது. உருவாக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் பரபரப்பே அதுவாகிப்போனது.

1998-ல் நிண்டெண்டோ 64 என்ற ஒரே கன்சோலில், ஒரே நிறுவனம், ஒரே ஆண்டில் இரண்டு கேம்களை வெளியிட்டது. ‘ஜெல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ நொடிக்கு 20 ஃப்ரேமில் ஓடியது. பரந்த நிலம், பெரிய கதை. ‘எஃப்-ஜீரோ எக்ஸ்’ என்ற கார் பந்தயம் 30 வாகனங்களை வைத்துக்கொண்டே 60 ஃப்ரேமில் ஓடியது. சுற்றிலும் கிட்டத்தட்ட வெறும் வானம்தான். இரண்டுமே இன்றும் பேசப்படும் கேம்கள். அன்றைக்கு ஆட்டக்காரரிடம் யாரும் மோடு கேட்கவில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவை உருவாக்கியவர்களே எடுத்தார்கள்.

60 வேண்டாம் என்று சொன்ன ஸ்டூடியோ

இந்த விவாதத்தில் மறக்கக் கூடாத ஆண்டு 2009. ‘ரேச்சட் அண்ட் கிளாங்க்’ கேம்களை 60 ஃப்ரேமில் தந்து பெயர் வாங்கிய அமெரிக்க ஸ்டூடியோ இன்சோம்னியாக். அதன் எஞ்சின் டைரக்டர் மைக் ஆக்டன் அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு கட்டுரை எழுதினார். ‘எ கிராக் இன் டைம்’ அநேகமாகத் தங்களின் கடைசி 60 ஃப்ரேம் கேமாக இருக்கும் என்பதுதான் அதில் இருந்த செய்தி.

காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். விமர்சன மதிப்பெண்களை எடுத்துப் பார்த்ததில், கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தால் மதிப்பெண் ஏறுகிறது, ஃப்ரேம் ரேட் ஏறினால் அப்படி ஏறவில்லை. பிறகு எதற்கு அதற்குச் செலவழிக்க வேண்டும்?

வியாபாரமாகப் பார்த்தால் கணக்கு சரிதான். போஸ்டரில், விளம்பரப் படத்தில், பத்திரிகையில் ஃப்ரேம் ரேட் தெரியாது. தெரிவதெல்லாம் ஒளியும் நிழலும்தான். 2018-ல் அந்த ஸ்டூடியோவின் ‘ஸ்பைடர்மேன்’ பிளேஸ்டேஷன் 4-ல் 30 ஃப்ரேமில்தான் வந்தது. சக்கைப்போடு போட்டது.

ஆனால் 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-உடன் வந்த ‘மைல்ஸ் மொரலஸ்’ கேமில் அதே இன்சோம்னியாக் 60 ஃப்ரேம் மோடு வைத்தது. ரே ட்ரேசிங் வேண்டுமென்றால் 30, வேண்டாமென்றால் 60. ‘இரண்டும் சேர்த்துக் கொடுங்கள்’ என்று ரசிகர்கள் கேட்க, அடுத்த மாதமே மூன்றாவதாக ஒரு மோடு வந்தது. ரே ட்ரேசிங்கும் உண்டு, 60 ஃப்ரேமும் உண்டு. எப்படிச் சாத்தியமானது? படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்தார்கள், பிரதிபலிப்பின் தரத்தைக் குறைத்தார்கள், நியூயார்க் தெருவில் நடந்துபோகும் மக்களின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். நேரம் எங்கிருந்தோ வந்துவிடவில்லை. பாதி ஊரைக் காலி செய்து எடுத்த நேரம் அது.

2023-ல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’-வில் ரே ட்ரேசிங் இல்லாத மோடே கிடையாது. 60 ஃப்ரேம் மோடிலும் அது இருக்கிறது. 2009-ல் போட்ட கணக்கு 14 ஆண்டுகளில் இப்படித் தலைகீழானது.

தேன்நிலவு முடிந்தது எப்போது?

2020, 2021-ல் வந்த பல கேம்கள் பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் சேர்த்துச் செய்யப்பட்டவை. அந்தப் பழைய கன்சோல்களின் பிராசஸர் ரொம்பவே பலவீனம். அதற்காக அளந்து செய்த கேமைப் புதிய கன்சோலில் போட்டால் 60 ஃப்ரேம் சுலபமாக வந்தது. ‘இனி எல்லாமே 60தான்’ என்று ஆட்டக்காரர்கள் பழகிவிட்டார்கள்.

பழைய கன்சோலைக் கைவிட்டு, புதியதற்காக மட்டும் கேம் செய்யத் தொடங்கியதும் சிக்கல் ஆரம்பமானது. 2022 அக்டோபரில் ‘கோத்தம் நைட்ஸ்’ கன்சோலில் 30 ஃப்ரேம் மட்டும்தான் என்று வந்தது. 2023 மே மாதம் ‘ரெட்ஃபால்’ எக்ஸ்பாக்ஸில் 30-ல் வந்தது. 60 கிடைக்க அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ‘ஸ்டார்ஃபீல்ட்’ கேமும் எக்ஸ்பாக்ஸில் 30-ல்தான் ஓடும் என்று அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் முன்கூட்டியே அறிவித்தார். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 60-க்கான வசதி வந்தது 2024 மே மாதத்தில்.

மோடு கொடுத்தவர்களும் தப்பவில்லை. 2023-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 16’-ன் பெர்ஃபார்மன்ஸ் மோடில் ரெசல்யூஷன் சில இடங்களில் 720பி வரை இறங்குவதாகத் தொழில்நுட்ப ஆய்வில் தெரியவந்தது. 4கே டிவியில் 720பி என்றால், டிவியில் உள்ள புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்குதான் கன்சோல் உண்மையில் வரைவது. மீதி எல்லாம் இழுத்து நிரப்பியது. 2024-ல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்’ வந்தபோதும் பெர்ஃபார்மன்ஸ் மோடில் படம் மங்கலாக இருக்கிறது என்று புகார்கள் குவிந்து, அப்டேட் மூலம் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

எஃபெக்ட்டைக் குறைத்தால் எப்போதும் 60 வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். படம் வரைவது ஜிபியு. எதிரிகளின் மூளை, மோதல் கணக்கு போன்றவை சிபியுவின் வேலை. 2024 மார்ச்சில் வந்த ‘டிராகன்ஸ் டாக்மா 2’ ஊருக்குள் நுழைந்ததும் திணறியது. அங்கே நடமாடும் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் சிபியுவின் பெரும்பகுதி செலவாகிறது என்று கேப்காம் நிறுவனமே விளக்கம் தந்தது. அந்த மாதிரி இடத்தில் நிழலையும் பிரதிபலிப்பையும் குறைத்துப் பெரிய பயனில்லை. சமையல்காரர் காத்திருக்கிறார், ஆர்டர் எடுப்பவர்தான் தாமதம்.

நான்கில் மூன்று பேர் எதைத் தேர்வு செய்கிறார்கள்?

2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகம் செய்தபோது, அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஒரு தகவலைச் சொன்னார். மோடு கேட்கும் கேம்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நேரம் ஆட்டக்காரர்கள் பெர்ஃபார்மன்ஸைத்தான் தேர்வு செய்கிறார்கள்.

விளம்பரத்தில் காட்டுவது ஒன்று, வீட்டில் பெரும்பாலானோர் ஆடுவது இன்னொன்று என்று இதற்கு அர்த்தம். கலைஞர்கள் மாதக்கணக்கில் செதுக்கிய பிரதிபலிப்பை நான்கில் மூன்று பங்கு நேரம் அணைத்து வைத்தோ, தரம் குறைத்தோதான் ஆடுகிறார்கள். அப்படியானால் 60 ஃப்ரேமை மையமாக வைத்துத் தொடங்கியிருக்க வேண்டாமா?

சோனி சொன்ன தீர்வு வேறு. 699.99 டாலருக்கு இன்னொரு கன்சோல். 45 சதவீதம் வேகமாகப் படம் வரையும் என்றார்கள். சிறிய படத்தைச் செயற்கை நுண்ணறிவு மூலம் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் பிஎஸ்எஸ்ஆர் என்ற தொழில்நுட்பமும் அதில் உண்டு. இந்திய ரசிகர்களுக்கு அந்தக் கதவும் அப்போது திறக்கவில்லை. அதில் உள்ள புதிய வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால், 2024 நவம்பர் 7 வெளியீட்டில் இந்தியா விடுபட்டது.

இன்னொரு வழி ஃப்ரேம் ஜெனரேஷன். கன்சோல் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு படத்தைத் தானாகவே உருவாக்கிச் செருகும் முறை. 2024-ல் வந்த ‘பிளாக் மித்: வுகாங்’ பிளேஸ்டேஷன் 5-ன் பெர்ஃபார்மன்ஸ் மோடில் இதைத்தான் பயன்படுத்தியது. திரையில் 60 தெரியும். ஆனால் நடுவில் செருகிய படத்துக்கு உங்கள் பட்டன் அழுத்தம் தெரியாது. அதனால் கண்ணுக்கு 60, கைக்கு அதற்கும் குறைவு. மின்னல் வேகத்தில் விலக வேண்டிய சண்டை கேமில் இப்படிச் செய்தது சரியான தேர்வு என்று சொல்வது கடினம்.

கேள்வியே கேட்காத கேம்கள்

2024 செப்டம்பரில் வந்த ‘ஆஸ்ட்ரோ பாட்’ பிளேஸ்டேஷன் 5-ல் எந்த மோடும் கேட்பதில்லை. நேராக 60 ஃப்ரேம். ஆயிரக்கணக்கில் பொருட்கள் உருண்டோடும், தண்ணீர் தெறிக்கும், படமும் பளிச்சென்று இருக்கும். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் தட்டிச் சென்றது அதுதான். 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ரே ட்ரேசிங்கை நிரந்தரமாக வைத்துக்கொண்டே கன்சோலில் 60-ஐக் குறிவைத்தது.

இவர்களுக்கு மட்டும் வேறு கன்சோலா கொடுத்தார்கள்? இல்லை. 16.7 மில்லி செகண்ட்தான் பட்ஜெட் என்று முதல் நாளே முடிவு செய்து, அதற்குள் அடங்கும் உலகத்தைக் கட்டினார்கள்.

‘கிரான் டூரிஸ்மோ 7’ இன்னும் சாமர்த்தியம். பிளேஸ்டேஷன் 5-ல் பந்தயம் ஓடும்போது ரே ட்ரேசிங் கிடையாது, 60 ஃப்ரேம்தான் முக்கியம். பந்தயம் முடிந்து ரீப்ளே பார்க்கும்போதும், காரைப் புகைப்படம் எடுக்கும்போதும் ரே ட்ரேசிங் வரும். ஸ்டீயரிங் கையில் இருக்கும்போது வேகம், கை சும்மா இருக்கும்போது அழகு. ஒவ்வொரு கேமுக்கும் இது பொருந்தாது. பெரிய ஊர், நூற்றுக்கணக்கான மனிதர்கள், மாறும் வானிலை என்று விரியும் கேமுக்கு 30 நியாயமான விலையாகவே இருக்கலாம். அதை ‘ஸ்டார்ஃபீல்ட்’ போல வெளியீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டால், வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வாங்குபவருக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்கும்.

அடுத்த பெரிய சோதனை ‘ஜிடிஏ 6’. 2026 நவம்பர் 19-ல் வெளியாகும் என்று ராக்ஸ்டார் அறிவித்திருந்தது. ‘ஜிடிஏ 5’ முதலில் 2013-ல் 30 ஃப்ரேமை இலக்காக வைத்து வந்தது. அதற்கு 60 ஃப்ரேம் மோடு கன்சோலில் கிடைத்தது 2022-ல், அடுத்தடுத்து இரண்டு தலைமுறை கன்சோல்கள் வந்த பிறகு.

வீட்டில் எதைத் தேர்வு செய்வது?

சண்டை, துப்பாக்கி, பந்தயம், கால்பந்து என்றால் பெர்ஃபார்மன்ஸ். யோசிக்க வேண்டாம். மெதுவாக ஊர் சுற்றிக் கதை கேட்கும் கேம் என்றால் குவாலிட்டியை ஒரு முறை பார்க்கலாம். ஆனால் 60-ல் ஆடிவிட்டு உடனே 30-க்கு மாறினால் எல்லாமே சேற்றில் நடப்பது மாதிரி தோன்றும். பத்துப் பதினைந்து நிமிடம் கொடுத்துப் பிறகு முடிவெடுங்கள்.

உங்கள் டிவி 120 ஹெர்ட்ஸ் என்றால் மூன்றாவது வழியும் உண்டு. சில கேம்களில் 40 ஃப்ரேம் மோடு இருக்கிறது. 2021-ல் ‘ரேச்சட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ மூலம் இதைப் பிரபலமாக்கியதும் அதே இன்சோம்னியாக்தான். 40 என்றதும் 30-ஐ விடக் கொஞ்சம்தானே அதிகம் என்று தோன்றும். நேரக் கணக்கில் பாருங்கள். 30-க்கு 33.3, 60-க்கு 16.7, 40-க்கு 25 மில்லி செகண்ட். சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 120-ஐ 40 மீதமின்றி வகுக்கும் என்பதால் ஒவ்வொரு படமும் சம நேரம் திரையில் நிற்கும். சாதாரண 60 ஹெர்ட்ஸ் டிவியில் இந்தக் கணக்கு ஒத்துவராது.

விஆர்ஆர் வசதியுள்ள டிவி என்றால், ஃப்ரேம் ரேட் 60-லிருந்து 50-க்கு இறங்கினாலும் டிவி அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5-ல் இந்த வசதி 2022 ஏப்ரலில் வந்தது. அதில் இது 48-க்கு மேல்தான் வேலை செய்யும்.

எந்த டிவியாக இருந்தாலும் ‘கேம் மோடு’ போட மறக்காதீர்கள். படத்தை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் இயங்கினால், கன்சோல் கஷ்டப்பட்டு மிச்சப்படுத்திய மில்லி செகண்டுகளை டிவி தின்றுவிடும். பிளேஸ்டேஷன் 5-ன் செட்டிங்ஸில் ‘கேம் ப்ரீசெட்ஸ்’ என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு முறை பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்துவிட்டால், அதை மதிக்கும் கேம்கள் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்காமல் நேராக அந்த மோடிலேயே தொடங்கும்.